வாகனத்தில் ஒரு குவளைத் தண்ணீர்

 

விலை உயர்ந்த பொருளை வாங்கும்போது நாம் பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்கிறோம். சிறு பொருளை வாங்கும்போது ஒருவரிடமும் கேட்பதில்லை. ஆனால் சிறு பொருள்களுள் சில, உயிரோடு தொடர்புடையவையாக இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் தண்ணீர்ப் பாட்டிலை வைப்பதற்கென்று உதிரிபாகக் கடைகளில் விற்கும் தாங்கி அத்தகைய ஒன்று. கோடை தொடங்கியதும் இளைஞர்கள் அதை வாங்கி மாட்டிக்கொள்கின்றனர். எதை வாங்குவது, எங்கே பொருத்துவது என்று மதரஸாவுக்குப் பிள்ளைகளை விட வரும் பெற்றோர் கேட்கின்றனர். ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே சிந்திப்போம்.

எங்கள் திருத்தணி, கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் முன்வரிசையில் இடம்பெறும் ஊர். சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது இங்கு வியப்புக்குரிய செய்தியன்று. சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று எங்களை வந்தடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும், சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் அனலும்தான் எங்களுக்குத் துணை. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. ஆதலால் எல்லைக்கு இருபுறமும் மக்களுக்கு உறவும் தொழிலும் உண்டு. நகரிக்கும் புத்தூருக்கும், அரக்கோணத்திற்கும் சோளிங்கருக்கும் இருசக்கர வாகனத்தில் அன்றாடம் சென்று திரும்பும் குடும்பத் தலைவர்கள் பலர். அவர்களுக்குத் தண்ணீர் என்பது உணவைவிட முந்திய தேவை.

வெயிலில் வாகனம் ஓட்டுபவருக்கு ஓர் ஏமாற்றமும் நேர்கிறது. முகத்தில் மோதும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. அதனால் தமக்கு வியர்க்கவே இல்லை என்று அவர் எண்ணிக்கொள்கிறார். உள்ளே உடல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. தாகம் உறைக்கும் நேரத்தில் தலைவலியும் சோர்வும் வந்துவிடுகின்றன. சாலையின் மீதுள்ள கவனமும் குறைந்துவிடுகிறது. எனவே தண்ணீரை உடன் கொண்டு செல்ல வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அதை எங்கே வைப்பது, எப்போது குடிப்பது என்பவையே கேள்விகள். எப்போது குடிப்பது என்பதற்கு முதலில் விடை கண்டுவிட்டால், எங்கே வைப்பது என்பதற்கு விடை எளிதாகிவிடும்.

அரஃபாவில் ஒரு கிண்ணம் பால்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது ஹஜ்ஜின்போது அரஃபாப் பெருவெளியில் இருந்த நாள். அன்று அவர்கள் நோன்பு நோற்றிருக்கிறார்களா, இல்லையா என்று தோழர்களிடையே பேச்சு எழுந்தது. ஒரு சாரார் ஆம் என்றனர். மற்றொரு சாரார் இல்லை என்றனர். அப்பாஸ் (ரலி) அவர்களின் துணைவியார் உம்முல் ஃபள்ல் (ரலி) அவர்கள் வாதத்தில் இறங்கவில்லை. ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி அனுப்பி வைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் மீது இருந்தவாறே அதைப் பெற்று அருந்தினார்கள். வாதம் அத்துடன் முடிந்தது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அரஃபா நாளின் நோன்பைப் பற்றி விளக்கும்போது ஆலிம்கள் இதனை எடுத்துரைப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வாகனத்தின் மீது அமர்ந்தபடியே அருந்தலாம் என்பதற்கு இது சான்றாகிறது. அதே வேளையில், அந்த ஒட்டகம் ஓடிக்கொண்டிருக்கவில்லை, அரஃபாவில் நின்றுகொண்டிருந்தது. அந்த நாளின் வணக்கத்திற்கே 'வுகூஃப்', அதாவது தரித்து நிற்றல் என்றுதான் பெயர்.

நீர் அருந்தும் ஒழுக்கங்களாக நபிகளார் (ஸல்) கற்றுத் தந்தவற்றையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரே மூச்சில் குடித்துவிடாமல் இடையிடையே மூச்சு விட்டு மும்முறையாக அருந்துவது அவர்களின் வழக்கம். பாத்திரத்தினுள் மூச்சு விடுவதைத் தடுத்தார்கள். தோல்துருத்தியின் வாயிலிருந்து நேரடியாகக் குடிப்பதைத் தவிர்க்கச் சொன்னார்கள். துருத்தியினுள் என்ன இருக்கிறது என்பது குடிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நீர் திடீரெனப் பாய்ந்து தொண்டையை அடைக்கவும் கூடும். பலர் குடிக்கும் துருத்தியின் வாய் அசுத்தமாகவும் கூடும் என்றெல்லாம் மார்க்க அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருவர். இவற்றுள் எந்த ஒழுக்கத்தையும் ஓடும் வாகனத்தில் கடைப்பிடிக்க இயலாது.

நம் தமிழ் மக்களிடம் மற்றொரு நல்ல பழக்கம் உண்டு. பலருக்கும் பொதுவான பாத்திரத்தில் உதடு படாமல் அண்ணாந்து குடிப்போம். வீட்டில் இது தூய்மையான பழக்கம். வாகனத்தில் இதைப் போன்ற ஆபத்து வேறில்லை. தலை பின்னால் சாய்கிறது. கண்கள் வானத்தைப் பார்க்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. பாட்டிலை உயர்த்தி இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்த 4 வினாடிகள் ஆகுமென்று வைத்துக்கொண்டாலும், 55 மீட்டர் தூரம் அந்த வாகனம் பார்வையற்றதாய் ஓடியிருக்கிறது. அந்தத் தூரத்திற்குள் ஒரு பள்ளிக் குழந்தை சாலையைக் கடக்க முற்படலாம். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடலாம்.

கைகளின் நிலையையும் பாருங்கள். வலக்கையில் ஆக்சிலேட்டரும் முன்சக்கர பிரேக்கும் இருக்கின்றன. இடக்கையில் கிளட்ச் இருக்கிறது. பாட்டிலைப் பிடிக்க எந்தக் கையை விட்டாலும், அவசரத்தில் வாகனத்தை அடக்கத் தேவையான ஒன்றை விட்டவர்களாகிறோம். ஒற்றைக் கையில் பிடித்திருக்கும்போது பிரேக்கை இறுக்கினால் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். இருசக்கர வாகனத்தில் இருப்பவரைத் தாங்கப் பக்கச் சுவரும் கிடையாது, இருக்கைப் பட்டையும் கிடையாது.

ஆகவே முதல் விதி இது: நிறுத்தாமல் குடிப்பதற்கு வசதி செய்து தரும் தாங்கி நமக்கு வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, தலைக்கவசத்தைக் கழற்றி, நிழலில் அமர்ந்து குடிப்பதற்குத் தண்ணீரைப் பாதுகாத்து வைக்கும் தாங்கியே வேண்டும். கடைக்காரர் எந்தத் தாங்கியைக் காட்டினாலும், 'இது என்னை நிற்க வைக்குமா, ஓடிக்கொண்டே குடிக்க வைக்குமா?' என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே பொருத்துவது?

கடைகளில் முதலில் காட்டப்படுவது ஹேண்டில்பாரில் மாட்டும் வளையம். நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில்பார்க் குழாயின் பருமன் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். அதற்கேற்ற பட்டையுடன் இவ்வளையம் வருகிறது. மாட்டுவது எளிது, கைக்கு எட்டும் தூரத்திலும் இருக்கிறது. அந்த வசதியே இதன் குறை. ஓடும்போதே எடுக்கத் தூண்டுவது இதுதான். தவிர, ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அந்த எடை கைப்பிடியின் ஒரு பக்கத்தில் தொங்கினால் மேடுபள்ளமான சாலையில் வாகனத்தின் போக்கை அது அசைக்கும். பிரேக், கிளட்ச் கம்பிகள் செல்லும் வழியில் பாட்டில் உராயக்கூடும். மூடியில்லாத குவளையாக இருந்தால் சிந்தும் பானம் சுவிட்சுகளுக்குள் இறங்கும். இனிப்புப் பானமாயின் காய்ந்து ஒட்டிக்கொண்டு அவற்றை இறுக்கிவிடும்.

எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தந்தை ஊர் ஊராகச் சென்று துணி விற்பவர். ஹேண்டில்பாரில் இத்தகைய வளையத்தை மாட்டி ஒரு லிட்டர் பாட்டிலை வைத்திருந்தார். நேரான சாலையில் தொல்லை ஏதுமில்லை. ஒரு நாள் குறுகிய தெருவில் வண்டியை முழுவதுமாகத் திருப்பியபோது, பாட்டில் பெட்ரோல் டேங்கில் முட்டிக்கொண்டது. கைப்பிடி அதற்கு மேல் திரும்பவில்லை. வேகம் இல்லாத வண்டி அப்படியே சாய்ந்தது. முன்னால் அமர்ந்திருந்த மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அல்லாஹ்வின் அருளால் அதோடு போயிற்று. எதிரில் ஒரு லாரி வந்திருந்தால்? அன்றே அந்த வளையத்தைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். எந்தத் தாங்கியைப் பொருத்தினாலும், வண்டியை நிறுத்தி வைத்துக் கைப்பிடியை இடம், வலம் என இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பக்கக் கண்ணாடியின் தண்டில் மாட்டும் வகையும் உண்டு. அதன் எடையாலும் அதிர்வாலும் கண்ணாடி தளர்ந்து திரும்பிவிடும். பின்னால் வருவதைக் காட்ட வேண்டிய கண்ணாடி வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்ப்பதே நல்லது.

எஞ்சினுக்கு முன்னால் உள்ள கிராஷ் கார்டு கம்பியில் கட்டுவோரும் இருக்கின்றனர். எடை தாழ்வாக இருப்பதால் வண்டியின் நிலை கெடாது. ஆனால் எஞ்சினின் வெப்பம் நேராகப் பாட்டிலைத் தாக்கும்; முன்சக்கரம் வாரியிறைக்கும் புழுதியும் சேறும் மூடியின் மீது படியும். வண்டி சாய்ந்தால் முதலில் நசுங்குவதும் அதுவே. இங்கே வைப்பதாயின் இரும்பு உறையோடு கூடிய எவர்சில்வர் பாட்டிலை மட்டுமே வைக்கலாம். சைலன்சர் இருக்கும் வலப்பக்கத்தின் பின்பகுதியில் பிளாஸ்டிக் பாட்டிலை ஒருபோதும் கட்டக்கூடாது. உருகி ஒட்டிக்கொள்ளும்.

இடப்பக்கத்தில் பின்சக்கரத்தை ஒட்டி, பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பொருத்தப்பட்ட சாரி கார்டு இருக்கிறது. பால்காரர்கள் கேன் மாட்டுவதும் இப்பக்கத்தில்தான். தாங்கியைப் பொருத்த இது தக்க இடம். எடை தாழ்வாக அமைகிறது. எஞ்சினின் வெப்பம் குறைவு. ஓட்டிக்கொண்டே எடுக்க முடியாது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. தாங்கிக்கு இடம் வேண்டும் என்று சாரி கார்டைக் கழற்றிவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தின் பாதியளவேனும் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123 ஆவது விதி. பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கத் தாங்கியும் வேண்டும் என்று அதே விதி கூறுகிறது. புர்காவும் துப்பட்டாவும் அணிந்து பின்னிருக்கையில் அமரும் நம் இல்லத்துப் பெண்களுக்கு இந்தக் காப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் தாங்கியைப் பூட்டலாம். அதை அகற்றிவிட்டுப் பூட்டக்கூடாது. பின்னால் அமர்பவரின் காலையும் அது இடிக்கக்கூடாது.

தனியாகச் செல்பவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. பின்னிருக்கைக்குப் பின்னுள்ள கம்பியில் ஒரு கித்தான் பையை இறுகக் கட்டி, அதில் பாட்டிலை நிற்க வைக்கலாம். சீட் கவர் தைக்கும் கடைகளில் அளவு சொன்னால் தைத்துத் தருவார்கள். பாட்டிலின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து கொண்டு போங்கள். ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியும், முன்புற அறையும் இருக்கின்றன. முன்புற அறை பாட்டிலை இறுகப் பிடிக்கும் அளவினதாக இருந்தால் வேறு தாங்கி தேவையில்லை. கால் வைக்கும் தளத்தில் மட்டும் பாட்டிலைப் போடாதீர்கள். அது உருண்டு காலுக்கடியில் வரும். குனிந்து பார்க்கும் அந்த ஒரு கணம் போதும், விபத்து நேர.

எந்த இடமானாலும் தாங்கிக்கு மேலே ஒரு வார் இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபிகளார் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை நாம் மேடைதோறும் கேட்கிறோம். வேகத்தடையில் குலுங்கி விழும் பாட்டில் நமக்குப் பின்னால் வருபவரின் சக்கரத்தில் சிக்கும் என்பதை மறக்கலாகாது. இரும்புக் குழாயும் பட்டையும் சேருமிடத்தில் ஒரு ரப்பர்த் துண்டு வைத்துப் பூட்டினால் நழுவாது, பெயின்டும் உரியாது. மாதம் ஒரு முறை போல்ட்டுகளை இறுக்கிவிடுங்கள்.

எந்தப் பாட்டில்?

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், துருத்திகளின் வாயைக் கட்டி வைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். நெடுஞ்சாலைப் புழுதியில் செல்லும் நமக்கு இந்த ஒழுக்கம் பகலிலும் பொருந்தும். எனவே திறந்த குவளையை வைக்கும் தாங்கிகளை ஒதுக்கிவிடுங்கள். மரையிட்டு இறுகும் மூடியுள்ள பாட்டில் வேண்டும். வாய் வைக்கும் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருந்தால் அதன் மேல் ஒரு மூடி வேண்டும்.

கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை மாதக்கணக்கில் பயன்படுத்துவது நம் இல்லங்களில் பரவலான வழக்கம். வெயிலில் சூடேறும்போது அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்கள் சிறிது சிறிதாக நீரில் இறங்குகின்றன. சூடு கூடக்கூட அதுவும் கூடுகிறது. ஒரு முறை பயன்படுத்தத்தான் அவை செய்யப்படுகின்றன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தண்ணீர்ப் பாக்கெட்டும் அவற்றுள் அடங்கும்.

எவர்சில்வர் பாட்டில் உடையாது, கழுவ எளிது, பல ஆண்டுகள் வரும். குளிர்ந்த நீர் குளிர்ந்தே இருக்க வேண்டுமானால் இரட்டைச் சுவர் கொண்ட வெற்றிடக் குடுவை சிறந்தது. சுவர்களுக்கிடையே காற்றில்லாமல் செய்து வெப்பம் நுழைவதைத் தடுக்கும் இம்முறையை 1892 இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி கண்டார். கண்ணாடி உள்ள பழைய ஃபிளாஸ்க் அதிர்வில் உடைந்துவிடும். முழுவதும் எவர்சில்வராலானதை வாங்குங்கள். மூடியே குவளையாகப் பயன்படும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஊற்றிக் குடிக்கும் ஒழுக்கமும் பேணப்படும். செம்புப் பாட்டிலில் வெறும் தண்ணீரைத் தவிர மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பானவற்றை ஊற்றக்கூடாது. புளிப்பில் செம்பு கரையும்.

துருத்தியின் குளிர்ச்சி

விலையுயர்ந்த குடுவை வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்திற்குச் சென்றபோது, இரவு முழுவதும் பழைய துருத்தியில் இருந்த தண்ணீர் உண்டா என்று கேட்டதாகப் புகாரியில் செய்தி உண்டு. பழைய தோலில் நீர் மெல்லக் கசியும். கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். நம் வீட்டு மண்பானை குளிர்வதும் இவ்வாறே. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 கிராம் நீர் ஆவியாகும்போது அந்த வெப்பம் முழுவதும் பாட்டிலிலிருந்தே எடுக்கப்படுமாயின், ஒரு லிட்டர் நீர் ஐந்தாறு டிகிரி குளிர்ந்துவிடும்.

சாதாரண எவர்சில்வர் பாட்டிலுக்கு ஒரு பருத்தித் துணியுறை தைத்து, புறப்படும்போது அதை நனைத்துவிடுங்கள். வழியில் நிற்கும்போதெல்லாம் மீண்டும் நனையுங்கள். ஓடும் வாகனத்தின் காற்று மீதி வேலையைச் செய்துவிடும். திருத்தணியின் வறண்ட வெயிலில் இம்முறை நன்கு பயன் தரும். ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊர்களில் அவ்வளவு பயன் தராது. இரட்டைச் சுவர்க் குடுவைக்கு இது தேவையும் இல்லை.

துருத்தியைத் தோளில் சுமந்து வீதிகளில் நீர் வார்த்தவர்களை வடநாட்டில் 'பிஸ்தி' என்றழைத்தனர். சுவனத்தைக் குறிக்கும் 'பிஹிஷ்த்' என்ற பார்சிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. தாகம் தீர்ப்பவனுக்கு மக்கள் அளித்த மரியாதை அது! 1539 இல் சௌஸாப் போரில் தோற்றுக் கங்கையில் தத்தளித்த பேரரசர் ஹுமாயூனைக் காற்று நிரப்பிய தன் துருத்தியால் கரைசேர்த்தவர் நிஜாம் என்ற பிஸ்தி. நன்றிக்கடனாக அவரைச் சிறிது நேரம் அரியணையிலேயே அமர்த்தினார் ஹுமாயூன்.

அந்தத் துருத்தி வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. 1989 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கடும் வெயிலில் நடக்கும் சைக்கிள் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன் என்பவர், மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப் பயன்படும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் இட்டு முதுகில் தைத்துக்கொண்டார். குழாயைத் தோள்வழியே வாய்க்குக் கொண்டுவந்தார். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைகள் இன்று உலகெங்கும் விற்கப்படுவதற்கு அதுவே தொடக்கம். இதில் கையை நெடுநேரம் எடுக்க வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் குழாயை நாள்தோறும் கழுவாவிட்டால் பாசி பிடிக்கும். முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசத்தினுள் குழாயை நுழைப்பதும் கடினம். நமது அன்றாடப் பயணத்திற்கு நின்று குடிப்பதே போதுமானது.

என்ன நிரப்புவது?

தண்ணீரே தலைசிறந்த பானம். காலையில் புறப்படுபவர் உப்பிட்ட நீர்மோரையோ, நன்னாரி சர்பத்தையோ எடுத்துச் செல்லலாம். மோர் வெயிலில் விரைவில் புளித்துவிடும். முற்பகலுக்குள் குடித்துவிட வேண்டும். கடும் வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுப்பது உயிர் காக்கும். 1971 இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துத்தான் எண்ணற்றோரைக் காப்பாற்றினார். உப்பின் அளவைக் கூட்டிவிடக் கூடாது என்பதில் தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழியில் ஒருவர் வெயிலால் மயங்கி, பேச்சுக் குழறி, உடல் கொதித்துக் கிடந்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, தலைக்கவசத்தைக் கவனமாகக் கழற்றி, உடலை ஈரத்துணியால் நனைத்து விசிறுங்கள். 108 ஐ அழையுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அந்நேரத்தில் உங்கள் பாட்டில் நீர், வாயைவிட அவருடைய உடலுக்கே அதிகம் தேவை.

நம் பாட்டிலுக்கு வேறு பயன்களும் உண்டு. நபிகளார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் வுளூ செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதன் அளவில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் எனலாம். பள்ளிவாசல் இல்லாத சாலையில் தொழுகை நேரம் வந்தால், ஒரு லிட்டர் பாட்டில் வுளூவுக்குப் போதும். ரமளானில் நோன்பாளி பகலில் பாட்டிலைத் தொடப்போவதில்லை என்றாலும், அதை நிரப்பியே செல்லட்டும். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது வீடு சேர வேண்டும் என்று தலைதெறிக்க ஓட்டுவோரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இரண்டு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வண்டியில் இருந்தால் சாலையோரத்திலேயே நோன்பைத் திறந்துவிட்டு நிதானமாக வீடு திரும்பலாம். வெப்பத்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சும் நிலை வருமாயின், நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது.

இரண்டாவது பாட்டில்

தாங்கி வாங்குவோர் இயன்றால் இரண்டு பாட்டில்களுக்கு இடமுள்ளதாக வாங்குங்கள். ஒன்று நமக்கு, மற்றொன்று வழியில் நாம் காண்பவருக்கு. பாதையில் தன் தேவைக்கு மிஞ்சிய நீர் இருந்தும் வழிப்போக்கருக்கு அதை மறுப்பவனை மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்தும் பாரான் என்று கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி உண்டு.

ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் தண்ணீரின்றித் தவித்தனர். தண்ணீர் தேடிச் சென்ற அலி (ரலி) அவர்களும் மற்றொருவரும், ஒட்டகத்தின் இருபுறமும் இரு பெரிய நீர்ப்பைகளைத் தொங்கவிட்டு நடுவே அமர்ந்து வந்த ஒரு பெண்ணைக் கண்டு அழைத்து வந்தனர். அவர் முஸ்லிம் அல்லர். அவருடைய பைகளிலிருந்து அனைவரும் நீர் பெற்றனர். அல்லாஹ்வின் அருளால் பைகளில் நீர் குறையவில்லை. அப்படியிருந்தும் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பேரீச்சம்பழமும் மாவும் திரட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, அவரது ஒட்டகத்தின் மீது வைத்து அனுப்பினார்கள். பிற்காலத்தில் அந்தப் பகுதி மக்களை எதிர்கொண்டபோதும் அப்பெண்ணின் குடியிருப்பை முஸ்லிம்கள் தொடவில்லை. தண்ணீரால் ஏற்பட்ட உறவை அவ்வளவு உயர்வாக மதித்தார்கள்.

ஆடிக் கிருத்திகையின்போது எங்கள் ஊருக்குக் காவடி சுமந்து, வெறுங்காலில் தொலைதூரம் நடந்து வரும் மக்கள் கூட்டத்தைச் சாலை நெடுகக் காணலாம். அவர்களுள் முதியவர்களும் இருப்பர். கைக்குழந்தையோடு தாய்மாரும் இருப்பர். அவர்களின் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. தாகத்தில் அந்த வேறுபாடு இல்லை. சாலையோரம் சோர்ந்து அமர்ந்திருப்பவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஒரு குவளை நீர் ஊற்றிக் கொடுப்பது, நம் ஊரில் நம்மோடு வாழ்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்னும்போது, தாகித்த மனிதருக்குக் கொடுப்பதன் நன்மையை யார் அளவிட முடியும்!

இல்லத்தரசிகளுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். கணவரோ மகனோ வாகனத்தில் புறப்படும்போது, பாட்டிலை நிரப்பி, மூடியை இறுக்கி, தாங்கியின் வாரைப் பூட்டி அனுப்புங்கள். பயண துஆவை நினைவூட்டுங்கள். கூடவே, 'நின்று, உட்கார்ந்து குடியுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவரைப் பத்திரமாக வீடு சேர்க்கலாம். பயணம் செய்வோர் அனைவரையும் வல்ல அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்திருப்பானாக! ஆமீன்.